வளைவில் இல்லாத குழி

என் அருமை மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீ அங்கே சுகமா என்று ஆரம்பிக்கப் பேனாவைத் திறந்தேன், பாதி வரி பொய்யாகிவிடுமே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாட்டுக்குப் பதறிப்போய் டிக்கெட் எடுத்துவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போன் அடித்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே ஏற்றம் எப்படி, எந்த கியரில் ஏறினாய், மழையில் பிரேக் பிடிக்கிறதா என்று ஆரம்பித்துவிடுவார், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும்தான் எனக்கு இடம் கிடைக்கும். இன்று தையல் கடையைத் திறக்கவில்லை. திரைச்சீலைத் துணியெல்லாம் வெட்டு மேசையில் அப்படியே கிடக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு, பாதியில் கூப்பிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு நல்ல வெயில், அதனால் சைக்கிள் கூட்டத்தோடு காட்டுச் சாலைக்குப் போகலாம் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். உனக்குத் தெரிந்த சாலைதான், கால்வாய்ப் பாலம் தாண்டி, மரக்கிடங்கை ஒட்டி வலது பக்கம் திரும்பி, வீடுகள் முடிந்ததும் மேலே ஏறுமே அதேதான். நீ போன பிறகு அது இன்னும் அழகாகிவிட்டது சிட்டு, இரண்டு பக்கத்து மரங்களும் மேலே சேர்ந்துகொண்டு சாலை முழுக்க நிழல், ஏறும்போது நம் மூச்சும் செயின் ஓடுவதும் தவிர வேறு சத்தம் இல்லை, உச்சியில் அந்தக் குழாய்த் தண்ணீர் இன்னும் வருகிறது. மழையால் மூன்று வாரமாக அந்தப் பக்கம் போகாமல் எல்லோருக்கும் கால் அரித்துக்கொண்டிருந்தது. எப்போதும் போல முன்னால் உன் அப்பா, அவர் பின்னால் நான், என் பின்னால் மற்றவர்கள், கடைசியில் பேக்கரிக்காரர். நம் கூட்டத்து வழக்கம் உனக்குச் சொல்லவா வேண்டும், முன்னால் போகிறவர் குழி என்றால் குழி, வண்டி என்றால் வண்டி, அந்த வார்த்தை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போய்க் கடைசி ஆள்வரை சேரும், யாரும் தானாகத் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டோம், முன்னால் போகிற சக்கரத்தைப் பார்த்து ஓட்டுவோம். அதிலும் உன் அப்பா கத்தினால் அதற்கு மேல் கேள்வியே கிடையாது. தபால் வண்டி ஓட்டி அந்த மலையெல்லாம் அளந்தவர், எந்த வளைவில் சரளை இருக்கும், எங்கே மரவேர் தாரைத் தூக்கியிருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், அதனால்தானே எல்லோருக்கும் அவர் கேப்டன்.

உச்சியில் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கினோம், பால் பண்ணைக்குப் போகிற இறக்கம். இரண்டாவது வளைவில் உன் அப்பா இடப்பக்கம் குழி என்று கத்தினார். நானும் இடப்பக்கம் குழி என்று பின்னால் கத்தினேன், கத்திக்கொண்டே சைக்கிளைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன், என் பின்னால் எல்லோரும் நடுவுக்கு வந்துவிட்டார்கள். வரும்போதே என் கண் இடது பக்கம் போனது. குழி இல்லை சிட்டு. அந்த இடத்தில் புதிதாகத் தார் போட்டு, பழைய துணியில் கறுப்பு ஒட்டுப் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. இதென்ன என்று நான் நினைத்து முடிக்கவில்லை, எதிரே வளைவில் பால் வண்டி. உன் அப்பா வண்டி என்று கத்தினார், ஆனால் வண்டி எங்கள் கண்ணுக்கெல்லாம் தெரிந்த பிறகு, எப்போதும் கத்துவதைவிட ரொம்பத் தாமதமாகக் கத்தினார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டார், பாவம், முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. நாங்கள் எப்படியோ ஓரமாக ஒட்டிக்கொண்டோம். கடைசியில் வந்த பேக்கரிக்காரருக்கு ஒதுங்க இடமில்லை, நேராக ஓரத்து வாய்க்காலில் போய் விழுந்தார். தோளில் காறை எலும்பு உடைந்துவிட்டது. அதே பால் வண்டியில்தான் அவரை ஏற்றி அனுப்பினோம். போகும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா, கேப்டன் சரியாகத்தான் கத்தினார், நான்தான் லேட்டாகத் திரும்பிவிட்டேன் என்று, அந்த வலியிலும் உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

மற்றவர்கள் பண்ணையில் போய் நிற்கட்டும் என்று அனுப்பிவிட்டு, நானும் உன் அப்பாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தோம். அங்கே குழி எங்கே இருந்தது என்று கேட்டேன். இதென்ன கேள்வி, அவ்வளவு பெரிய குழியைத் தாண்டித்தானே வந்தோம் என்று என்மேலேயே எரிந்து விழுந்தார். சரி, காட்டுங்கள் என்றேன். நேராக அந்த வளைவுக்குப் போய், மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, கையை மட்டும் கீழே நீட்டினார். "இதோ, இதுதான்" என்றார். அவர் காட்டியது புதுத் தார். விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கீழேயே பார்க்கவில்லை, மனதில் இருக்கிற சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்தார், தலையை நன்றாகக் கீழே கொண்டுபோனார், பிறகு உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவே இல்லை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதருக்குப் பின்னால்தான் ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று குழந்தை மாதிரி அடம், பேப்பர் படிக்கிறேனே, ஊசியில் நூல் கோத்துத் தருகிறேனே என்று வாதம். அது உண்மைதான், கோத்துத் தருகிறார், என்னைவிட நன்றாகவே கோத்துத் தருகிறார். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இயந்திரம், அதற்குள் முகத்தை வைத்து நடுவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதனை செய்கிற பெண் என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், அவளுடைய திரையில் வெளிச்சம் எங்கே வருகிறது என்று புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. நடுவில் வந்தால் டக்கென்று சத்தம் கேட்டது. கீழே வந்தது, சத்தம் இல்லை. மறுபடி கீழே, சத்தம் இல்லை. ஓரத்தில் வந்தது, இன்னும் பிரகாசமாக வந்தது, ஒன்றும் இல்லை. அழுத்துங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பாட்டுக்குப் பொறுமையாக, சமர்த்தாக, விரலைப் பொத்தான் மேல் வைத்துக் காத்துக்கொண்டு இருக்கிறார், வெளிச்சம் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை சிட்டு.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடுகிற நோயாம், க்ளாகோமா என்றார் டாக்டர். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றும் காட்டிக்கொடுக்காது. நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நன்றாகத் தெரியும், அதனால் பேப்பரும் ஊசியும் தெரியும், கீழேயும் ஓரத்திலும் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், சைக்கிளைத் தொடவே கூடாது என்றார். நான் அழுதுகொண்டே, எப்போதிலிருந்து டாக்டர் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன வருஷமே இவரிடம் சொல்லிவிட்டேனே அம்மா, மருந்தும் எழுதிக் கொடுத்தேனே என்றார். உன் அப்பா அங்கே சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், விடவில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சொட்டு மருந்துப் புட்டி எங்கே இருந்தது தெரியுமா, சைக்கிள் இருக்கைக்குக் கீழே பஞ்சர் சாமான் வைக்கிற பைக்குள், டியூப் ஒட்டுகிற பசையோடு பசையாக. ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சியில் நிறுத்தியதும் சற்று ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று மரத்துக்குப் பின்னால் போவாரே, அங்கே போய் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார். நினைத்தபோது விட்டார், தீர்ந்தபோது விட்டுவிட்டார். காரை விற்றாரே, உடம்புக்கு நல்லது, இனி எல்லாம் சைக்கிள்தான் என்று, நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரரைப் பாருங்கள் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, பக்கத்தில் வருகிற வண்டி தெரியவில்லை என்றுதான் விற்றிருக்கிறார். ஆற்றங்கரைச் சாலை வேண்டாம், சந்தைச் சாலை வேண்டாம், ஒரே இரைச்சல், ஆளில்லாத மலைச் சாலைதான் சுகம் என்று ஒரு வருஷமாகப் புதுப்புது அமைதியான வழியாகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாரே, கூட்டமே கைதட்டியதே, அதுவும் இதற்குத்தான். வண்டி வராத சாலை வேண்டும், வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கிற சாலை வேண்டும். எனக்குத் தையல் மேசையின் கீழ் இழுப்பறையை மூடுகிற பழக்கம் கிடையாது, உனக்குத் தெரியும், அதில் இடித்து இடித்து அவர் முட்டியெல்லாம் காயம், நான் அதற்கும் அவரைத்தான் திட்டினேன், யானை மாதிரி நடக்காதீர்கள் என்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "அந்த ரோடு எனக்கு மனப்பாடம்மா. பார்க்கணும்னு அவசியமே இல்லைன்னு நினைச்சேன்" என்றார். அப்போது அடிக்கலாமா அணைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, எழுந்து போய் அடுப்பை மூட்டி ஒன்றும் வைக்காமல் நின்றேன்.

பேக்கரிக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். நேற்றுச் சாயங்காலம் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வா என்றார், நடந்து போனோம், நடைபாதை விளிம்பில் ஒரு தடவை தடுக்கினார், முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். பேக்கரியில் கூட்டம் குறைகிற நேரம், பேக்கரிக்காரர் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் போட்டுக்கொண்டு மறு கையால் ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், கேப்டனைப் பார்த்ததும் அந்த ஒரு கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். உன் அப்பா உட்காரவில்லை. அங்கே குழி இல்லை, எனக்குக் கண் தெரியவில்லை, ஒரு வருஷமாகத் தெரியும், உங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று நின்றபடியே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பேக்கரிக்காரர் கையிலிருந்த ரொட்டிப் பையை மேசையில் வைத்தார். கோபப்படுவார், நன்றாகத் திட்டட்டும் என்றுதான் நானும் நின்றேன். கடைசியில் அவர், "கேப்டன், எட்டு வருஷமா உங்க கூட வர்றேன், அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை. முன்னாடி போற சக்கரத்தைத்தான் பார்த்தேன்" என்றார். சொல்லிவிட்டு, பால் வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை, உள்ளே போய்விட்டார். அவர் மனைவி வந்து, இன்றைக்குப் போங்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்களும் வந்துவிட்டோம். உன் அப்பா இன்று காலை சைக்கிளைத் துடைத்து, சக்கரத்தில் காற்றை இறக்கி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

இவ்வளவும் எழுதினேனே, எழுத உட்கார்ந்ததே இனிமேல் எழுதப்போவதற்காகத்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி. டாக்டர் எங்களை அனுப்புவதற்கு முன்னால் உன் அப்பாவைப் பார்த்து, "உங்க மகளை டெஸ்ட் பண்ணியாச்சா? போன தடவையே சொன்னேனே" என்றார். இந்த நோய் குடும்பத்தில் வரும், அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல், வயது ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரு துளிப் பார்வைகூடப் போகாமல் வைத்திருக்கலாம் என்றார். நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். இந்த முறை அவர் சுவரைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். தன் கண்ணை என்னிடம் மறைத்தார், பேக்கரிக்காரரை விழ வைத்தார், அதையெல்லாம் எப்படியோ விழுங்கிக்கொள்வேன் சிட்டு, இதை என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு வருஷம். வாரம் தவறாமல் உன்னோடு கியரும் ஏற்றமும் பேசினாரே, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. கேட்டேன், கத்தியே கேட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சொன்னால் நீ பயந்து சைக்கிளை விட்டுவிடுவாய், அவர் உனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் தானே பிடுங்குவதா என்று நினைத்தாராம். சொல்லிவிட்டு அழுதார். உன் அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா, நானும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் பேசும்போது, இப்போதெல்லாம் ஊருக்குள் ஓட்டப் பிடிக்கவில்லை அம்மா, இந்த ஊர்க் கார்கள் சத்தமே இல்லாமல் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கின்றன, அதனால் காட்டுப் பக்கமாக அமைதியான சாலையாகத் தேடிப் போகிறேன் என்று சொன்னாயே. அப்பா பெண் அப்பா மாதிரியேதான் என்று நான் சிரித்தேன். அது வெறும் கார் சத்தமாக இருக்கலாம், மின்சாரக் காராக இருக்கலாம், உனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நீ போய்ப் பார்த்துவிட வேண்டும். வேலை இருக்கிறது, அடுத்த மாதம் என்று சொல்லாதே, சும்மா எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி அனுப்புகிற இடம் போதாது, அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கிற பரிசோதனை வேண்டும் என்று கேட்டு வாங்கு. அப்பாவுக்கு க்ளாகோமா என்று தெளிவாகச் சொல். பார்த்து முடிக்கிறவரை சைக்கிளை எடுக்காதே, கடைக்குக்கூட நடந்து போ, உன்னை இதுவரை நான் எதற்கும் கெஞ்சியதில்லை, இதற்குக் கெஞ்சுகிறேன். அப்பாவோடு பேசு, பேசாமல் இருந்துவிடாதே, திட்ட வேண்டும் என்றால் திட்டு, பிறகு பேசு, டாக்டரிடம் போய் வந்ததிலிருந்து மட்டும், போன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீ தீர்க்காயுசாக, கண்ணும் காலும் நன்றாக, நினைத்த மலையெல்லாம் ஏறி இறங்கி நூறு வயது இரு என்று அம்மா மனசார வாழ்த்துகிறேன். பரிசோதனையில் என்ன வந்தாலும் முதலில் எனக்குச் சொல். அம்மா தாங்கமாட்டாள் என்று அப்பாவும் மகளும் சேர்ந்து எனக்காக முடிவு எடுத்தீர்களோ, நான் உங்கள் இரண்டு பேரையும் மன்னிக்கமாட்டேன், தாங்குகிறேனா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா